தங்கராசு அண்ணன் கை கொடுக்காத ஆட்டம்

தங்கராசு அண்ணனின் கை எப்போதும் சில்லென்று இருக்கும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் பாரம் தூக்குகிறவர் அவர். கொக்கியால் ஐஸ் கட்டியை இழுத்து, சாக்கைப் போட்ட தோளில் ஏற்றி, லாரியில் அடுக்குவதுதான் வேலை. எங்கள் தெருவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், "தங்கராசக் கூப்புடு, நெத்தியில கைய வைக்கட்டும்" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் வந்து, வைத்துவிட்டுப் போவார். அது கிண்டல் என்று அவருக்குத் தெரியுமா என்பது இன்று வரைக்கும் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

நான் பிரிசில்லா. அதே தெருக்காரி. இப்போது போலீஸ்காரி. அதற்கு முன்னால் எங்கள் ஊர் பெண்கள் கபடி அணியில் வலது கார்னர். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார், அது உண்மைதான். பெரிய மனிதர்களின் பிறந்தநாளுக்குத் தெரு முழுக்கத் தட்டி வைக்கிற ஊரில், தங்கராசு அண்ணனைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவருடைய குறைகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள். கஞ்சன். டீக்கடையில் இரண்டு பேருக்கு ஒரு டீ சொல்லி இன்னொரு கிளாஸ் கேட்பவர். பேசினால் பாதி வார்த்தை வெளியே வரும், மீதி உள்ளேயே இருந்துவிடும். கபடி ஆட்டக்காரர் என்று பெயர், ஆனால் 'கபடி கபடி' என்று பாடினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால் எதிரணிக் களத்துக்குள் ரைடு போகவே மாட்டார். இடது கார்னரில் நிற்பார். நின்று பிடிப்பார். வருகிறவனின் கணுக்கால் அந்தச் சில்லிட்ட கையில் சிக்கிவிட்டால் அவ்வளவுதான், அவன் பாட்டை நிறுத்திவிடலாம்.

கபடியில் ஏழு பேர் களத்தில் நிற்கும்போது ஓரத்தில் நிற்பவர் கார்னர், அவருக்கு அடுத்து நிற்பவர் இன். இந்த இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்பார்கள். ரைடர் உள்ளே வர வர, ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர வேண்டும். கண்ணால் பார்த்து நகர்ந்தால் நேரம் போதாது, கைதான் சொல்லும். வருஷக்கணக்காக ஒன்றாக ஆடினவர்களுக்குப் பக்கத்து ஆள் மூச்சு வாங்குவதுகூடக் கையில் தெரியும். தங்கராசு அண்ணனின் கையைக் கோத்து நின்ற இன் ஆட்டக்காரன், அவருடைய மச்சான் கதிரவன். மனைவி சந்திரலேகாவின் தம்பி.

கதிரவன் ஆட்டத்தைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவன் ரைடு போனால் நாங்களே வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். வங்கக்கடல் கபடிக் கழகம் என்று 2004இல் எங்கள் ஊர் ஆண்கள் ஆரம்பித்த கிளப், பண்ருட்டி, நெய்வேலி வரைக்கும் பெயர் வாங்கியது அவனால்தான். அவனை மைதானத்துக்குக் கூட்டி வந்தவர் தங்கராசு அண்ணன். அக்கா வீட்டில் சாப்பிட்டு, மாமா கையைப் பிடித்து வளர்ந்த பையன்.

பெண்கள் அணி அடுத்த வருஷம் வந்தது. அதை உண்டாக்கியவள் எழிலரசி. அப்பா இல்லாத வீடு, அம்மா கருவாட்டு வியாபாரம், இவள் சிதம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். தெருத்தெருவாக வந்து எங்கள் அம்மாக்களிடம் பேசி, டிராக் பேண்ட் போட்டுத்தான் ஆடுவோம் என்று சத்தியம் செய்து, ஆள் சேர்த்தாள். கிளப் எங்களுக்குத் தந்தது சாயங்காலம் ஆண்கள் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம். களம் ஆண்களுடைய களம். பெண்களுக்குக் களம் சிறியது, கோடு வேறு. எங்களுக்காகத் தனியாகக் கோடு போட யாருக்கும் தோன்றவில்லை. பெரிய களத்தில் ஆடிப் பழகிவிட்டு வெளியூர்ப் போட்டிக்குப் போனால், கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வெளியே காலை வைத்து அவுட் ஆவோம். ஊர் சிரிக்கும்.

ஆண்கள் சில நாள் சீக்கிரமே வந்துவிடுவார்கள். வந்து, களத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். தங்கராசு அண்ணன் யோசனை எதுவும் சொன்னதில்லை. வந்தால் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். அவர் கேப்டன். கேப்டன் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் எப்படி உள்ளே போவது? அவர்களும் முணுமுணுத்துக்கொண்டு உட்காருவார்கள். எங்களுக்கு அவர் செய்த ஒரே உதவி அதுதான், வருஷக்கணக்காக.

2007 ஆவணியில் சிதம்பரத்தில் ஒரு போட்டி. இரண்டு அணியும் போயிருந்தோம். உடை மாற்ற ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை கொடுத்திருந்தார்கள். நாங்கள் மாற்றிக்கொண்டு வெளியே வந்த பிறகு எழிலரசி கடைசியாக உள்ளே போனாள். கதிரவன் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான். அவள் சத்தம் போட்டு, போராடி, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது எதிரே நின்றவள் நான். அதற்கு மேல் நடந்ததை அவள் போலீசிலும் மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லியிருக்கிறாள். அது அவள் சொல்ல வேண்டியது. நான் எழுத மாட்டேன்.

மறுநாளே புகார் கொடுத்தாள். அவள் அம்மா வேண்டாம் என்று காலைப் பிடித்து அழுதார். கதிரவனைக் கைது செய்தார்கள்; சீக்கிரமே ஜாமீனில் வந்தான். வந்த வாரமே சாயங்காலம் மைதானத்துக்கு வந்து, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஆட ஆரம்பித்தான். அன்றைக்கு எழிலரசி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவள் வராததால் ஒவ்வொருத்தி வீட்டிலும் "நீ எதுக்குப் போற" என்றார்கள். எங்கள் அணி சத்தமில்லாமல் கலைந்தது. இதைக் கிளப்பில் யாரும் கவனிக்கக்கூட இல்லை. ஆண்களுக்குக் களம் சீக்கிரமே கிடைத்தது என்ற அளவில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

பொங்கல் போட்டி நெருங்கியது. சிதம்பரத்தில் நடப்பது, எங்கள் பக்கத்தில் அதுதான் பெரிசு. அந்த வருஷம் இன்னொரு விசேஷமும் இருந்தது. பெண்ணாடம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்று தன் அணிக்கு ஆள் எடுக்கப் போவதாகவும், அரையிறுதியிலிருந்து அவர்கள் ஆட்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றும் செய்தி வந்தது. நிரந்தர வேலை. அதோடு, இடது கார்னர் ஒருவர் வேண்டும் என்று அவர்கள் ஏற்கெனவே தங்கராசு அண்ணனைப் பற்றி விசாரித்திருந்தார்கள். அவருக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இனி ஒரு வாய்ப்பு வராது. ஐஸ் தூக்குகிறவர்களின் தோள் எப்படிப் போகும் என்று பேக்டரி வாசலில் உட்கார்ந்திருக்கும் பழைய ஆட்களைப் பார்த்தாலே தெரியும். அவருக்கும் இடது தோள் அப்போதே தூக்க முடியாமல் போக ஆரம்பித்திருந்தது. சந்திரலேகா அண்ணி அந்த வேலைக்காகக் கொளஞ்சியப்பர் சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தார்.

கிளப் தலைவர் தட்சிணாமூர்த்தி, காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம். போட்டிக்கு யார் யார் ஆடுவது என்று மைதானத்திலேயே கமிட்டியைக் கூட்டினார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய் ஓரமாக நின்றேன். கதிரவன் பெயர் வந்ததும் தங்கராசு அண்ணன், கேஸ் முடிகிற வரைக்கும் அவன் ஆட வேண்டாம் என்றார். ஏதோ இருமினார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். திரும்பச் சொன்னார்.

தட்சிணாமூர்த்தி கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்: புகார் கொடுத்த உடனே ஒருவன் குற்றவாளி ஆகிவிடுவானா? நாளைக்குக் கோர்ட் அவனை விட்டுவிட்டால், அவன் ஆடாமல் விட்ட வருஷங்களை யார் திருப்பித் தருவது? ஆட்டக்காரனுக்கு வயசு என்ன காத்திருக்குமா? அந்தக் கேள்வியை மட்டமான கேள்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழிலரசியும் ஆட்டக்காரிதான், அவளுக்கும் வயசு காத்திருக்காது என்பது அந்த மனிதருக்கு ஞாபகமே வரவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

தங்கராசு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நான் பாக்கல. அவன் செஞ்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அத கோர்ட்டு சொல்லட்டும். ஆனா கோர்ட்டு சொல்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் வெளிய நிக்கத்தான் போறாங்க. அவன் ஆடுனா அந்தப் பொண்ணு வர முடியாது. இப்ப அது வெளிய நிக்குது. ஏன் அதுவே நிக்கணும்?"

தட்சிணாமூர்த்தி ஓட்டுக்கு விட்டார். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார்கள். கதிரவன் ஆடுவது என்று முடிவாயிற்று. சொந்த மச்சானுக்கே குழி பறிக்கிறவனை எப்படிக் கேப்டனாக வைப்பது என்று ஒருவர் கேட்க, கேப்டன் பதவியும் போயிற்று. அணியில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். இடது கார்னருக்கு வேறு ஆள் இல்லை.

வீட்டில் அதற்கு மேல். சந்திரலேகா அண்ணி சோறு போடுவார், தண்ணீர் வைப்பார், பேச மாட்டார். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாராம்: "அவன் உங்க கையைப் புடிச்சு வளந்தவன்." மாமியார் வீட்டிலிருந்து ஆள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். தெருவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அவரைக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு அவர் போட்டிக்குப் போக மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். போகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைக்கு மேல் கோபம். பேக்டரி வாசலில் பிடித்துக்கொண்டேன். கமிட்டியில் அவ்வளவு பேசிவிட்டு இப்போது அவனோடேயே ஆடப் போகிறீர்களா என்று, லாரிக்காரர்கள் முன்னாலேயே கேட்டேன். அவர் கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, "ஆடுவேன். ஆனா அவன் கையைப் புடிக்க மாட்டேன்" என்றார்.

யோசித்துப் பார்த்தால் கபடிக்காரருக்கு மட்டுமே வரக்கூடிய கிறுக்கு யோசனை அது. பிடிக்காதவனோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு, ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் உண்டு. அதுபோல ஆடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். வேலையும் கிடைக்கும், மனசும் கெடாது. நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு வந்தேன்.

அரையிறுதி அன்று சிதம்பரம் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், மிச்சம் இருந்த திட்டையும் திட்டிவிட்டு வரத்தான். கீழ வீதியில் பொங்கல் கூட்டம், கரும்புத் தோகை காலில் மிதிபட்டது. மைதானத்தில் உட்கார இடமில்லை. ஆலைக்காரர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் களத்தில் இறங்கி நின்றார்கள். வலது பக்கம் கார்னரும் அவருடைய இன் ஆட்டக்காரரும் கை கோத்தார்கள். இடது பக்கம் கதிரவன் பழக்கத்தில் கையை நீட்டினான். தங்கராசு அண்ணன் நீட்டவில்லை. கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ரைடரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதிரவனின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. அவன் முகத்தை நான் பார்த்தேன். அவன் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், அதற்கு மேல் பார்க்காமல் ரைடர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனும் அந்தக் கையைப் பிடித்து வளர்ந்தவன்தானே.

கூட்டத்துக்கு முதலில் புரியவில்லை. எதிரணி ரைடருக்கு உடனே புரிந்தது. கை கோக்காத இடத்தில் ஒரு சந்து இருக்கிறது, அந்த இரண்டு பேரும் சேர்ந்து நகர மாட்டார்கள் என்று. நேராக அங்கேயே வந்தான். தங்கராசு அண்ணன் கணுக்காலுக்குப் பாய்ந்தார்; பக்கத்திலிருந்து மூட வேண்டிய கதிரவன் ஒரு நொடி தாமதம்; ரைடர் இரண்டு பேரையும் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குப் போய்விட்டான். அவுட்டாகி வெளியே போன இருவரும் திரும்ப உள்ளே வந்ததும், மறுபடி அதே இடம். அதற்கடுத்த தடவையும். "கையைப் புடிடா" என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். ஆலைக்காரர்களில் ஒருவர் பக்கத்து ஆளிடம் குனிந்து என்னவோ கேட்பது தெரிந்தது.

அந்தப் பாதி முழுக்க அவர் அப்படியே ஆடினார். தனியாகப் பாய்ந்தார், தனியாக விழுந்தார். இரண்டு தடவை ஒற்றை ஆளாகவே பிடித்து நிறுத்தினார், அதற்கு எதிரணிக்காரர்களே கை தட்டினார்கள். ஆனால் கபடி ஒற்றை ஆள் ஆட்டம் இல்லை. இடைவேளைக்கு விசில் அடித்தபோது முழங்கை தோல் உரிந்து, வாயில் மண்ணோடு நின்றார். தட்சிணாமூர்த்தி ஓடி வந்தார். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றதால் பேசியது கேட்டது. அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். ஆலைக்காரர்கள் இன்னும் உன்னைத்தான் பார்க்கிறார்கள், ஒரு பாதி கையைப் பிடி, ஊருக்கும் நல்லது, உனக்கும் நல்லது, ஆட்டம் முடிந்ததும் நீ உன் வழி, அவன் அவன் வழி என்றார்.

தங்கராசு அண்ணன் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். அணிப் பனியனைக் கழற்றினார். மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"புடிக்காம ஆட முடியல. புடிச்சு ஆட மனசு வரல. வேற ஆளப் போட்டுக்குங்க."

சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டு நடந்தார். வழி விட்டார்கள், கூடவே திட்டினார்கள். யாரோ கரும்புச் சக்கையை விட்டெறிந்தார்கள், முதுகில் பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனிதரைத் திட்ட வந்த நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

கடலூர் பஸ்ஸில் மேலே ஒரு துண்டு மட்டும் போட்டுக்கொண்டு தை மாதக் குளிரில் உட்கார்ந்து வந்தார். நான் முன்னால் பெண்கள் சீட்டில். பி.முட்லூர் தாண்டி, புதுச்சத்திரம் வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டு, "பாப்பா, ஆட்டம் என்னா ஆச்சுன்னு யாருக்காவது போன் போட்டுக் கேளேன்" என்றார். கேட்டேன். தோற்றுவிட்டார்கள். "மூணு பாயிண்டுலயா?" என்றார். இல்லை, ஜாஸ்தி என்றேன். வருத்தமாகத் தலையாட்டிக்கொண்டார். அவ்வளவு நடந்தும் அவருக்கு அந்த ஆட்டம் தோற்றதில் வருத்தம். எனக்குச் சிரிப்பும் வந்தது.

ஆலை வேலை எதிரணியின் கார்னருக்குப் போயிற்று. எங்கள் ஊரில் தோல்விக்கு முழுக் காரணமும் தங்கராசு அண்ணன்தான் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அந்தத் தீர்ப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. வலது கார்னர்காரர், தானும் இனிமேல் கதிரவன் ஆடுகிற அணியில் ஆடுவதில்லை என்று சொன்னார். காரணம் கேட்டதற்கு, வீட்டில் தங்கச்சி இரண்டு பேர் இருக்கிறார்கள், அன்றைக்குத் தங்கராசு நடந்து போனதைப் பார்த்ததிலிருந்து தன்னால் அவனோடு களத்தில் நிற்க முடியவில்லை என்றார். பிறகு இன்னொருவர். கதிரவனுக்கே மைதானம் கசந்துபோய், தெற்கே ஏதோ ஒரு கிளப்புக்குப் போய்விட்டான். அங்கே அவனைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். அப்படிச் சேர்த்துக்கொள்ள எப்போதும் ஒரு கிளப் இருக்கும்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது 2012. கேஸ் இன்னும் முடியவில்லை. வாய்தா, மறுபடி வாய்தா. கோர்ட் வாசலில் நானே பாதுகாப்புக்கு நிற்கிற நாட்களில், வடலூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு எழிலரசி வந்து நிற்பதைப் பார்க்கிறேன். அங்கே விளையாட்டு டீச்சர் அவள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மூன்று வருஷம் மாவட்ட அணிக்குக் கேப்டனாக ஆடினாள். அவளோடு ஆடித்தான், விளையாட்டு ஒதுக்கீட்டில், எனக்கு இந்தக் காக்கிச் சட்டை கிடைத்தது. கோர்ட் தீர்ப்பு வரட்டும் என்று நாங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால், இன்றைக்கும் உட்கார்ந்துதான் இருப்போம்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் தட்சிணாமூர்த்தி தங்கராசு அண்ணனைப் பிடித்துக்கொண்டார். கோர்ட் அவனை விட்டுவிட்டால் அப்போதாவது நீ செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்வாயா என்று கேட்டார். அண்ணன் பாயசத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "உட்டா சந்தோஷம்தான், அவன் என் மச்சான். ஆனா இத்தினி வருசம் அந்தப் பொண்ணு ஆடுச்சே, அதுல தப்பு என்னா?" இன்னும் ஐஸ்தான் தூக்குகிறார். இடது தோள் இப்போது காது வரைக்கும்கூட வராது. சட்டை மாட்ட அண்ணி உதவி செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் நான் சொல்லி முடிக்க நினைத்தது வேறு. சிதம்பரம் ஆட்டம் முடிந்த அடுத்த வாரம் எழிலரசி என்னை வரச் சொன்னாள். தங்கராசு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து முழங்கைப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளே அடுப்படியில். எழிலரசி செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"மொதப் பாதி ஏன் ஆடுனீங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆலை வேலையை விட்டு, கேப்டன் பதவியை விட்டு, சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கி உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் கேட்கிற கேள்வியா என்று அவள் கையைக் கிள்ளினேன். அவள் நகரவில்லை. அவளுக்கு அந்தப் பதில் வேண்டும். அண்ணன் மருந்தைக் கீழே வைத்தார்.

"வேல வேணும்னுதாம்மா ஆடுனேன். கையைப் புடிக்காட்டி போதும்னு நெனச்சேன். அவன்கூட ஒரே பனியனப் போட்டுக்கிட்டு நின்னதே தப்புதான்."

சாக்கு சொல்வார், அல்லது கோபப்படுவார் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. எழிலரசி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்படி வாசலில் சந்திரலேகா அண்ணி வந்து நின்றிருந்தார், கையில் கரண்டியோடு. எழிலரசியைப் பார்த்தார். அந்த இரண்டு பேரும் புகாருக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அண்ணி திட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. எழிலரசி, "நாளைக்கு மைதானத்துக்கு வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகாமல் மைதானத்துக்குப் போனேன். எழிலரசியும் நானும் வேலிப் பக்கம் திரும்பியபோதே சுண்ணாம்பு வாசனை வந்தது. பழைய பெரிய களத்தின் கோட்டைத் துடைப்பத்தால் கலைத்துவிட்டு, உள்ளே சிறியதாக வேறொரு களத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார் தங்கராசு அண்ணன். பெண்கள் களம். மூன்று வருஷமாக யாருக்கும் தோன்றாத வேலை.

கோடு கோணாமல் வர வேண்டும் என்றால் கயிறு கட்டித்தான் போட வேண்டும், அதற்கு ஒரு ஆள் போதாது. இந்த முனையில் அவர் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு குனிந்து சுண்ணாம்பு தூவி வந்தார். அந்த முனையில் சந்திரலேகா அண்ணி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கதிரவனின் அக்கா. கண் வீங்கியிருந்தது, இரவெல்லாம் அழுதிருப்பார் போலிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயிற்றை விடவில்லை.

எழிலரசி அந்தக் கோடு முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு குனிந்து, புதுச் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.